பைத்தான் மெய்நிகர் சூழல்

பைத்தான் மெய்நிகர் சூழல் என்பது பைத்தான் நிரல்மொழியில் செய்யப்படும் ஒரு திட்டப்பணிக்குத் தேவையான பொதிகளைக் கணினியின் பிற பகுதிகளிலிருந்து பிரித்து, தனி அடைவு ஒன்றில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். ஒரு பணிக்காக நிறுவப்படும் பொதி, மற்றொரு பணியையோ இயங்குதளத்தையோ பாதிக்காமல் இருப்பதே இதன் நோக்கம். இச்சூழலை முனையத்தில் கட்டளை கொடுத்தும், விசுவல் ஸ்டுடியோ கோட், பைசார்ம் போன்ற நிரல் தொகுப்பிகளின் உள்ளிருந்தும் உருவாக்கலாம்.

பெயரில் மெய்நிகர் என்னும் சொல் இருப்பினும், இது மெய்நிகர் கணினி அன்று. இயங்குதளத்தையோ கோப்புகளையோ இது மறைப்பதில்லை; எனவே இதனைப் பாதுகாப்பு அரணாகக் கருதுதல் கூடாது. பொதிகள் எங்கே நிறுவப்படுகின்றன, எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்பதை மட்டுமே இது மாற்றுகிறது.

தேவை

பைத்தானுடன் வரும் செந்தர நிரலகத்தில் பல கூறுகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கையாளும் கூறு பைத்தானுடனேயே கிடைக்கிறது. ஆனால் வரைபடங்களை உருவாக்கும் மேட்பிளாட்லிப், எண் அணிகளைக் கையாளும் நம்பை போன்ற பொதிகளைப் பிப் என்னும் நிறுவியின் மூலம் தனியாகப் பெற வேண்டும்.

ஒரு சூழலில் ஒரு பொதியின் ஒரு பதிப்பு மட்டுமே இருக்க முடியும். இரு பணிகளுக்கு இரு வேறு பதிப்புகள் தேவைப்படின் சிக்கல் எழுகிறது. 2024 சூன் மாதத்தில் வெளியான நம்பை 2.0 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம்பையின் முதலாம் வரிசைப் பதிப்புகளுக்கெனத் தொகுக்கப்பட்ட பல பொதிகள் அதனுடன் இயங்கவில்லை. புதிய பணி ஒன்றுக்காகப் பொதுவிடத்தில் நம்பை இற்றைப்படுத்தப்பட்டால், அதுவரை சரியாக இயங்கிய பழைய நிரல், அதில் ஓர் எழுத்தும் மாற்றப்படாத நிலையிலும், பிழை காட்டக்கூடும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வீட்டுக் கணினியிலும் பள்ளி ஆய்வகக் கணினியிலும் இதன் விளைவு மற்றவரையும் சேர்கிறது.

லினக்சு இயங்குதளங்களில் மற்றுமொரு காரணம் உண்டு. அவற்றின் சில கருவிகள் பைத்தானிலேயே எழுதப்பட்டுள்ளமையால், பொதுப் பொதிகளை மாற்றுவது அக்கருவிகளைச் சிதைக்கலாம். இதனைத் தவிர்க்க, 2023ல் வெளியான உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவை, மெய்நிகர் சூழலுக்கு வெளியே பிப் கொண்டு நிறுவுவதை இயல்பாகத் தடுக்கின்றன. புதிய பயனர்கள் காணும் அந்தப் பிழைச் செய்தி கணினியின் பழுது அன்று. ஒரு சூழலை உருவாக்குமாறு கூறும் அறிவிப்பே ஆகும்.

வரலாறு

பைத்தான் 1991ல் கைடோ வான் ரோசம் என்பவரால் வெளியிடப்பட்டது. 2007ல் இயன் பிக்கிங் உருவாக்கிய வெர்ச்சுவல்என்வ் என்னும் கருவி மெய்நிகர் சூழல்களைப் பரவலாக்கியது. 2012ல் வெளியான பைத்தான் 3.3 பதிப்பில் வென்வ் என்னும் கூறு செந்தர நிரலகத்திலேயே சேர்க்கப்பட்டது. 2014ல் வெளியான 3.4 பதிப்பு முதல், உருவாக்கப்படும் சூழலினுள் பிப்பும் தானாக நிறுவப்படுகிறது.

அமைப்பு

மெய்நிகர் சூழல் என்பது ஓர் அடைவே. அதனைத் திட்டப்பணியின் அடைவினுள் ‘.வென்வ்’ என்னும் பெயரில் வைப்பது வழக்கம். அதில் முதன்மையாக மூன்று பகுதிகள் உள்ளன.

- பைத்தான் வரிமொழிமாற்றியும் பிப்பும் இருக்கும் உள்ளடைவு. இது விண்டோசில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ எனவும், லினக்சு, மேக் ஆகியவற்றில் ‘பின்’ எனவும் பெயர் பெறும்.
- நிறுவப்படும் பொதிகள் சேரும் உள்ளடைவு.
- மூலப் பைத்தான் கணினியில் எங்குள்ளது என்பதைக் குறிக்கும் சிறிய அமைவுக் கோப்பு.

வரிமொழிமாற்றி தொடங்கும்போது இந்த அமைவுக் கோப்பைக் கண்டால், செந்தர நிரலகத்தை மூலப் பைத்தானிலிருந்தும், கூடுதல் பொதிகளைச் சூழலின் அடைவிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, சூழலை உருவாக்குவதற்கு முன் கணினியில் பைத்தான் இருக்க வேண்டும்.

நிரல் தொகுப்பியில் உருவாக்குதல்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ல் அறிமுகப்படுத்திய விசுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியில் பின்வரும் முறை கையாளப்படுகிறது. பதிப்பிற்கேற்பப் பட்டியிலுள்ள சொற்கள் சற்று மாறலாம்.

1. நீட்சிகள் பகுதியிலிருந்து பைத்தான் நீட்சியை நிறுவவும்.
2. கோப்புப் பட்டியில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ என்பதைத் தெரிந்து, திட்டப்பணியின் அடைவைத் திறக்கவும்.
3. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்திக் கட்டளைப் பெட்டியைத் திறக்கவும்.
4. ‘பைத்தான்: கிரியேட் என்விரான்மென்ட்’ என்னும் கட்டளையைத் தெரிந்து, அதில் ‘வென்வ்’ வகையையும் பயன்படுத்தவேண்டிய பைத்தான் பதிப்பையும் தெரிவு செய்யவும்.
5. ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரிட்டர்’ என்னும் கட்டளையின் மூலம் ‘.வென்வ்’ அடைவிலுள்ள வரிமொழிமாற்றி தெரிவாகியுள்ளதா எனச் சரிபார்க்கவும்.
6. புதிய முனையத்தைத் திறந்து, பிப் கொண்டு பொதிகளை நிறுவவும்.

இவற்றுள் ஐந்தாம் படி தவறவிடப்படுவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். முனையம் ஒரு பைத்தானையும், தொகுப்பியின் ‘ரன்’ பொத்தான் வேறொரு பைத்தானையும் பயன்படுத்தக்கூடும். அப்போது பொதி வெற்றிகரமாக நிறுவப்பட்ட பின்னரும் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்னும் பிழை தோன்றும். இந்நிலையில் பொதியை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் பயனில்லை; தெரிவாகியுள்ள வரிமொழிமாற்றியை மாற்ற வேண்டும்.

முனையத்தில் நேரடியாக உருவாக்க விரும்புவோர் ‘பைத்தான் -எம் வென்வ் .வென்வ்’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இடலாம். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பைத்தான்3 எனக் குறிப்பிட வேண்டும். வென்வ் பொதியையும் முன்னதாகத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். விண்டோசின் பவர்ஷெல், சூழலைச் செயலாக்கும் குறுநிரலைத் தடுக்குமாயின், கமாண்ட் பிராம்ப்ட் முனையத்தைப் பயன்படுத்தலாம்.

எடுத்துக்காட்டு: ஒரு கணினியில் இரு பணிகள்

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், 2019ஆம் ஆண்டு முதல் பைத்தானைக் கற்பிக்கிறது. அதில் மேட்பிளாட்லிப் கொண்டு கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் ஆகியவற்றை உருவாக்கும் பாடம் உண்டு. தென்காசி மாவட்டம் கடையநல்லூரில் பயிலும் மாணவர் ஒருவர் இப்பயிற்சிக்கென ‘வரைபடம்’ என்னும் அடைவை உருவாக்கி, அதன் சூழலில் மேட்பிளாட்லிப்பை நிறுவுவதாகக் கொள்வோம். அம்மாணவர் தமிழ்ச் சொற்களின் எழுத்துகளை எண்ணும் மற்றொரு நிரலை ‘எழுத்து’ என்னும் அடைவில் எழுத விரும்பலாம்.

பைத்தானின் நீளம் காணும் செயற்கூறு, ஒருங்குறிக் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுமேயன்றித் தமிழ் எழுத்துகளை எண்ணாது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுவதால் பின்வரும் வேறுபாடு தோன்றுகிறது.

- தென்காசி: 4 எழுத்துகள், 8 குறியீட்டுப் புள்ளிகள்
- குற்றாலம்: 5 எழுத்துகள், 9 குறியீட்டுப் புள்ளிகள்
- கடையநல்லூர்: 7 எழுத்துகள், 11 குறியீட்டுப் புள்ளிகள்

எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை உள்ளிட்ட தன்னார்வலர்கள் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற பொதி, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதனை ‘எழுத்து’ அடைவின் சூழலில் மட்டும் நிறுவினால் போதும். பின்னர் அச்சூழலை முழுவதும் நீக்கினாலும் ‘வரைபடம்’ பணிக்கு ஊறு நேராது.

வேறு கணினிக்குக் கொண்டுசெல்லல்

வீட்டில் உருவாக்கிய ‘.வென்வ்’ அடைவைப் பென்டிரைவில் படியெடுத்துப் பள்ளிக் கணினியில் ஒட்டினால் அது பெரும்பாலும் இயங்காது. சூழலின் கோப்புகளில் அது உருவாக்கப்பட்ட கணினியின் முழுமையான அடைவுப் பாதைகள் எழுதப்பட்டிருப்பதே காரணம்.

எனவே சூழலுக்குப் பதிலாக, அதிலுள்ள பொதிகளின் பெயர்களும் பதிப்பு எண்களும் அடங்கிய பட்டியலையே கொண்டுசெல்ல வேண்டும். ‘பிப் ஃபிரீஸ்’ என்னும் கட்டளை இப்பட்டியலைத் தரும். இதனை ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ என்னும் பெயரில் உரைக்கோப்பாகச் சேமிப்பது மரபு. மற்ற கணினியில் புதிய சூழலை உருவாக்கி, இக்கோப்பைப் பிப்பிடம் கொடுத்தால் அதே பதிப்புகள் நிறுவப்படும்.

இணைய இணைப்பு இல்லாத ஆய்வகத்திற்கும் வழி உண்டு. ‘பிப் டவுன்லோடு’ கட்டளையால் பொதிக் கோப்புகளை இணைப்புள்ள கணினியில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துச்சென்று நிறுவலாம். இரு கணினிகளிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒத்திருத்தல் நன்று.

குறைபாடுகள்

ஒவ்வொரு சூழலும் பொதிகளின் தனிப் படியை வைத்துக்கொள்வதால் நிலைவட்டில் கூடுதல் இடம் தேவைப்படும். எனினும், ஒருமுறை இறக்கிய கோப்புகளைப் பிப் தற்காலிகமாகச் சேமித்து வைப்பதால், அதே பதிப்பை இரண்டாம் முறை நிறுவும்போது இணையத் தரவு பெரும்பாலும் செலவாவதில்லை.

சூழல் பழுதடைந்தால் அதனைச் சீர்செய்ய முயல்வதைவிட, ‘.வென்வ்’ அடைவை நீக்கிவிட்டுப் பட்டியலிலிருந்து மீண்டும் உருவாக்குவது எளிது. இதன் பொருட்டே எழுதிய நிரல்களை ‘.வென்வ்’ அடைவினுள் வைத்தல் கூடாது. நிரல்களையும் பொதிப் பட்டியலையும் அதற்கு வெளியே, திட்டப்பணியின் அடைவில் பேண வேண்டும்.