மேற்கை எலும்புக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே
தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள மேற்கை எலும்பில் முறிவு உள்ளதா என்பதை அறிய இப்படம் எடுக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. வளையல், தாயத்து போன்றவற்றைக் கழற்றிவிடவும்; கருவுற்றிருந்தால் முன்னரே தெரிவிக்கவும்.

ஒரு கோணத்தில் தெரியாத முறிவு மற்றொன்றில் தெரியக்கூடும் என்பதால், நேராகவும் பக்கவாட்டிலும் 2 படங்கள் எடுக்கப்படும். அதற்காக வலியுள்ள கையை வலிந்து திருப்ப வேண்டாம். நோயாளியின் நிலையை மாற்றியும் படமெடுக்கலாம். எண்ணெய் தடவி நீவிவிட்டு வருவோர் இன்றும் உளர். முறிந்த எலும்பு நகர்ந்தால் அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்படலாம். கையைத் துண்டால் கழுத்தோடு தாங்கிக் கட்டி வருவதே நன்று.

நரம்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே மணிக்கட்டையோ விரல்களையோ மேலே தூக்க இயலாவிட்டால், படத்திற்காகக் காத்திராமல் மருத்துவரிடம் உடனே கூறவும்.