பன்னிரண்டா, இருபதா: எந்தக் குழல் பெரிது?



பன்னிரண்டு 'போர்' (bore) துப்பாக்கி, இருபது போர் துப்பாக்கி. இரண்டில் எதன் குழல் அகலமானது? இருபதுதான் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். உண்மை நேர்மாறானது!

இந்த 'போர்' எண், பழைய பிரிட்டிஷ் எடைக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது ஏறத்தாழ 454 கிராமை, 12 சம உருண்டைகளாக வார்க்க வேண்டும். அதில் ஓர் உருண்டையின் விட்டம்தான் பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால்? குழல் 15.6 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பங்கு கூடக்கூடப் பண்டம் சிறுக்கும் அல்லவா!

இதற்கு விதிவிலக்கு, 'நானூற்றுப் பத்து'. அது உருண்டைக் கணக்கல்ல, 0.410 அங்குலம் என்ற நேரடி விட்ட அளவு.

இன்னொரு சொல் மயக்கம். "தோட்டா பாய்ந்தது" என்கிறோம். ஆனால் தோட்டா என்பது உறை, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப்பொதி. பாய்வது குண்டு மட்டுமே, உறை பின்தங்கிவிடும். பன்னிரண்டு போர் தோட்டாவில் பெரும்பாலும் ஒற்றைக் குண்டுக்குப் பதில் சிறு ரவைகள் நிறைந்திருக்கும்.

பறக்கும் தட்டுகளைச் சுடும் 'டிராப்' போட்டியில் பன்னிரண்டு போர்தான் வழக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அப்போட்டியில் இந்தியாவுக்காகக் களமிறங்கியவர்களில் ஒருவர், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான்.