கவ்வாத்தும் கொழுந்தும்

யாழ்ப்பாணத்தார் திராட்சைக் கொடியைப் பந்தலில் படரவிட்டு, உரிய பருவத்தில் வெட்டிவிடுவர். புதுத் தளிரிலேதான் பூவும் காயும் தோன்றும் என்பதே காரணம். ஹட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளிலும் வெட்டு உண்டு; ஆனால் அங்கே வேண்டப்படுவது கனியன்று, கொழுந்து. அவ்வெட்டையே கவ்வாத்து என்கிறோம்.

தேயிலை இயல்பில் மரமாகும். தன்போக்கில் விட்டால் ஓங்கி வளர்ந்து பூத்துக் காய்க்கும். அதனை இடுப்பளவில் நிறுத்தி, மேற்பரப்பை மேசைபோற் சமமாக வைத்தே கொழுந்து கிள்ளுகிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லக் கிள்ளும் மட்டம் உயரும், கிளைநுனிகள் முடிச்சிட்டு மெலியும், வளராது உறங்கும் மொட்டுகள் மிகும், விளைச்சல் குன்றும். ஆகவே உயர்மலைகளில் ஏறக்குறைய 4 அல்லது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து நடைபெறுகிறது. வெப்பம் மிகுந்த தாழ்நிலத்தில் இக்காலம் குறுகும்.

இலையனைத்தையும் இழந்த செடி எதனைக்கொண்டு மீண்டும் துளிர்க்கிறது? வேரில் சேமித்த மாச்சத்தைக் கொண்டே. குளிர்ந்த மலைகளில் அச்சேமிப்பு மிகுதி. ஆதலால் முழு வெட்டையும் செடி தாங்கும். தாழ்நிலத்திலோ, உணவு சமைத்துக்கொடுக்கச் சில இலைக்கிளைகளை விட்டுவைப்பர். வேரை அறுத்து அயடீன் கரைசலைத் தடவினால் சேமிப்பை அறியலாம். கருநீலம் படர்ந்தால் மாச்சத்து உண்டு. சேமிப்புக் குன்றிய செடியை வெட்டினால் அது பட்டுப்போகவும் கூடும். 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலிருந்து இத்துறையில் ஆலோசனை வழங்கிவருகிறது.

வெட்டும் முறையும் முக்கியமானது. கத்தி கூராக இருத்தல் வேண்டும். வெட்டு வாய் பிளவுபடாமற் சரிவாக அமைதல் வேண்டும். பிளந்த கிளையில் நீர் தங்கி அழுகல் புகும். கடும் வறட்சியில் வெட்டுவதும் தகாது. வெட்டிய கிளைகளை நிலத்திலேயே பரப்பினால் மண் அரியாது, உரமும் சேரும்.

கவ்வாத்துச் செய்த மலையில் சில மாதங்கள் கொழுந்து இராது. இந்நட்டத்துக்கு அஞ்சி வெட்டைத் தள்ளிப்போடுவது எளிது. 100 ஹெக்டேயர் தோட்டத்தை 4 பங்காக்கி, ஆண்டுதோறும் 25 ஹெக்டேயரை மாத்திரம் வெட்டினால் நட்டம் சமப்படும். ஓராண்டு தவறினாலோ, மறு ஆண்டு இரு பங்குகள் ஒருங்கே காத்து நிற்கும்.

அதுவரை அத்துன்பத்தைச் சுமப்பவள் கொழுந்து கிள்ளும் பெண்ணே. செடி உயர உயர அவள் கை ஓங்க வேண்டியிருக்கும். உறங்கும் மொட்டுகள் பெருகப் பெருக அவள் கூடை நிறையத் தாமதமாகும். கொழுந்தின் நிறையைக் கொண்டு கூலி கணிக்கப்படும் மலையில், காலத்தில் செய்யும் கவ்வாத்து செடிக்கு மட்டுமன்றி அவளுடைய குடும்பத்துக்கும் காப்பாகும்.