போனவர்கள் இருவர்

1813 ஜூலையில் ரங்கூனில் கரையிறங்கிய அமெரிக்கத் தம்பதி அடோனிராம் ஜட்சனும் ஆன் ஜட்சனும் பர்மிய மொழியைச் சேர்ந்தேதான் கற்கத் தொடங்கினார்கள். சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. அடோனிராம் பகல் முழுவதும் அவரோடு உட்கார்ந்து படிக்க முடிந்தது. ஆன் அப்படி உட்கார முடியவில்லை. பாடத்தின் நடுவே எழுந்துபோய்ச் சமையலுக்குச் சொல்ல வேண்டும், கடைக்கு ஆள் அனுப்ப வேண்டும், வாசலுக்கு வந்தவர்களிடம் பேச வேண்டும். ஆனால் சில காலத்திலேயே ஆன் ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. மொழியின் அமைப்பைப் பற்றிக் கணவருக்குத்தான் அதிகம் தெரியும்; பேசுவதிலும் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலும் தானே முன்னால் இருப்பதாக அவர் எழுதினார். வீட்டை நடத்துகிறவர் நாள் முழுக்க உள்ளூர்க்காரர்களோடு பேசியாக வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகும் தம்பதியரைப் பற்றி நாம் பேசும் முறை இந்தச் சிறு தகவலுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஊழியம் என்றால் பிரசங்கம், மொழிபெயர்ப்பு, மருத்துவமனை, பள்ளி. மற்றதெல்லாம் குடும்பப்பாடு என்று பிரித்துவிடுகிறோம். வாடகை வீடு தேடுவது, தண்ணீர் பிடிப்பது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பது, பக்கத்து வீட்டு மரணத்துக்குப் போய் உட்கார்வது ஆகியவை ஊழியத்துக்கு முன்னும் பின்னும் நடக்கிறவை என்று எண்ணுகிறோம். அமெரிக்க மிஷன் சங்கம் அந்தக் காலத்தில் மனைவியரை ‘உதவி மிஷனரி’ என்றே பதிவேட்டில் எழுதியது. சம்பளம் கணவர் பெயருக்கு வரும். மனைவி செய்த வேலை முழுவதும் தன்னார்வம்தான். என் கட்சி இதுதான்: இப்படிப்பட்ட தம்பதியரின் பணி வேர்பிடித்ததும் பட்டுப்போனதும் பெரும்பாலும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையில்தான். அந்த வாழ்க்கையைச் சுமந்தவரைக் கணக்கில் சேர்க்காமல் அனுப்புவது அநீதி, பணிக்கும் கேடு.

வங்காளத்தில் ஒரே மிஷனில், ஒரே ஆண்டுகளில் வாழ்ந்த இரண்டு பெண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். வில்லியம் கேரியின் மனைவி டாரதி, திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டவர். இந்தியாவுக்கு வர மாட்டேன் என்று முதலில் மறுத்தார். அப்போது அவர் கர்ப்பிணி. பிள்ளை பிறந்து சில வாரங்களுக்குள், கப்பல் தாமதமானதால் கிடைத்த இடைவெளியில், திரும்பவும் வந்து வற்புறுத்தினார்கள். தங்கை கிட்டியும் கூட வந்தால் வருகிறேன் என்று சொல்லி, 1793 ஜூனில் கப்பலேறினார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். கிட்டி கல்யாணமாகிப் பிரிந்து போய்விட்டார். கேரி அவுரித் தொழிற்சாலை மேலாளராக வேலை பார்த்துக்கொண்டே வங்க மொழியில் மூழ்கியிருந்தார். டாரதியின் மனம் கலங்கியது. 1807-ல் சாகும்வரை தெளியவில்லை. பக்கத்து அறையில் அவர் இருந்த நிலையிலேயே கேரியின் மொழிபெயர்ப்புகள் நடந்தன. 1801-ல் வங்கப் புதிய ஏற்பாடு அச்சாகியது என்று வரலாறு பெருமையோடு சொல்லும். அது பெருமைதான். அந்தப் பெருமைக்கான விலையை, கேட்காமலேயே, ஒரு பெண்ணிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

ஹன்னா மார்ஷ்மன் 1799-ல் கணவர் ஜோஷுவாவுடன் சேரம்பூருக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்தத் தம்பதி உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். மிஷன் குடும்பங்கள் ஒரே வளாகத்தில், ஒரே பந்தியில் சாப்பிட்டு, வருமானத்தைப் பொதுவில் போட்டு வாழ்ந்த ஏற்பாடு அது. பள்ளியின் கட்டணம் அந்தப் பொதுப்பணத்துக்குப் பெரும் தூணாக இருந்தது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்ததும், கவனிப்பாரற்றுத் திரிந்த கேரியின் பிள்ளைகளை அரவணைத்ததும் ஹன்னாதான். அவருக்கு இரும்பு மனம், டாரதிக்குப் பலவீன மனம் என்று இதை முடித்துவிடுவது எளிது. நான் அப்படிப் படிக்கவில்லை. ஹன்னா விரும்பி வந்தார். அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். டாரதிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. வேறுபாடு குணத்தில் இருந்ததைவிட ஏற்பாட்டில்தான் அதிகம் இருந்தது.

ஆன் ஜட்சனின் அந்தப் பேச்சுப் பர்மியம் எதற்குப் பயன்பட்டது என்பது 1824-ல் தெரிந்தது. ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டதும் வெள்ளையர் எல்லோரும் ஒற்றர்கள் என்று ஆவா நகரில் அடோனிராம் சிறையில் தள்ளப்பட்டார். ஆன் கர்ப்பிணி. அதிகாரிகள் வீட்டு வாசல்களில் நின்று மன்றாடினார், காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்தார், சோறு கொண்டுபோனார். அச்சேறாத வேதாகம மொழிபெயர்ப்பின் கைப்பிரதியை முதலில் மண்ணில் புதைத்து வைத்தார். மழைக்காலத்தில் கெட்டுவிடும் என்று பின்னர் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். கைதிகளை ஊருக்கு வெளியே மாற்றியபோது கைக்குழந்தை மரியாவோடு பின்னாலேயே போனார். அங்கே அவர் நோயில் விழுந்து பால் வற்றியதும், அடோனிராம் காவலரின் அனுமதி பெற்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிராமத்துத் தாய்மார்களிடம் போய்ப் பால் கேட்டார். அந்தத் தாய்மார்கள் கொடுத்தார்கள். யார் யாருக்கு ஊழியம் செய்தார்கள் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுப்பும் நிகழ்ச்சி மிஷன் வரலாற்றில் அதிகமில்லை. 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், வயது 36. ஆறு மாதத்தில் மரியாவும் போனாள். 1834-ல் முடிந்த பர்மிய வேதாகமம் ஜட்சன் மொழிபெயர்ப்பு என்றே இன்றும் வழங்குகிறது.

நம் மண்ணிலும் இதே கதைதான். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அங்கே அதை ரேந்தை என்பார்கள். அந்தப் பள்ளியில் இருந்த அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் ரேந்தை விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கும் பெண் பள்ளியும் ரேந்தையும் நடத்தினார். கால்டுவெல்லுக்கு 1968-ல் மெரினாவில் சிலை வைத்தோம், வைத்தது சரியே. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய அவருடைய வீட்டில், மேசைக்கு அப்பால், தமிழில் புழங்கி அந்த ஊரோடு வீட்டை இணைத்து வைத்தவரைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சம்பளமில்லாமல் உழைத்த பெண்களைப் புகழ்வது, சம்பளம் கொடுக்காததையே புனிதமாக்குவதாகாதா? ஆகும், புகழோடு நின்றுவிட்டால். கொல்லிமலையின் ஈவ்லின் பிராண்டைப் பற்றிய கதை பல சபைகளில் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஈவ்லினும் கணவர் ஜெஸ்ஸியும் மலையில் வீடு கட்டி, மருந்து கொடுத்து, நரம்புச் சிலந்தி நோயோடு போராடி வாழ்ந்தார்கள். 1923-ல் மகன் பாலையும் மகள் கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார்; பிள்ளைகள் தகப்பனை மறுபடி பார்க்கவே இல்லை. விதவையான ஈவ்லின் மலைக்குத் திரும்பிப் பணியைத் தொடர விரும்பியபோது மிஷன் அதற்கு இசையவில்லை. சமவெளியில் வேலை கொடுத்தது. 1947-ல் ஓய்வு பெற்றதும், எழுபதை நெருங்கும் வயதில், யாருடைய சம்பளமும் இல்லாமல் அவராகவே மலையேறினார். முதுமையிலும் மட்டக்குதிரையில் போய், 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை சுற்றியுள்ள மலைகளில் பணி செய்துகொண்டிருந்தார். இது அவருடைய தியாகத்தின் கதை மட்டுமல்ல. கணவர் இருந்தவரை மனைவியின் உழைப்பை ஏற்றுக்கொண்ட அமைப்பு, கணவர் இறந்ததும் அதே பெண்ணை அதே இடத்துக்கு அனுப்ப மறுத்த கதையும்தான். அந்தத் தவறை விட்டுவிட்டுத் தியாகத்தை மட்டும் சொல்வது பாதி உண்மை. அடுத்த தலைமுறையில் நிலைமை ஓரளவு மாறியது. வேலூருக்கு வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து புகழ்பெற்றார்; மனைவி மார்கரெட்டும் மருத்துவர், தொழுநோய் கண்ணைப் பாதிப்பதை ஆராய்ந்து தமக்கென்று ஒரு துறையையே உருவாக்கினார்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அந்நியத் தம்பதியரின் வீடு, பேரரசின் நிழலில், வேலைக்காரர்கள் சூழ நின்ற பங்களா. அதன் அன்றாட வாழ்க்கை உள்ளூர் மக்களோடு கலந்ததா, அவர்களைத் திண்ணையிலேயே நிறுத்தியதா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன வி. எஸ். அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இதையே வெள்ளையர் முகத்துக்கு நேரே சொன்னார். இந்திய ஊழியர்களைத் தங்கள் வீட்டில் சமமாக உட்காரவைக்காத மிஷனரிகளிடம் நட்பைக் கேட்டார். அவருடைய குற்றச்சாட்டு உண்மை, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அசரியா குறைசொன்னது பிரசங்கத்தையோ பள்ளியையோ அல்ல. சாப்பாட்டு மேசையை, வரவேற்பறை நாற்காலியை. நிறவெறி வெளிப்பட்ட இடம் வீடுதான் என்றால், அதை முறிக்க வேண்டிய இடமும் வீடுதான். மதமாற்றத்தை ஏற்காத வாசகருக்கும் இது பொருந்தும். ஒரு தம்பதி என்ன போதித்தது என்பதில் நாம் மாறுபடலாம். யாரைத் தன் வீட்டில் உட்காரவைத்தது, யார் வீட்டில் போய் உட்கார்ந்தது என்பதை வைத்து அதன் நேர்மையை எவரும் அளக்கலாம்.

விமானச் செலவும் வாடகையும் கொடுத்து வெளிநாட்டுத் தம்பதியை அனுப்புவதற்குப் பதில் அந்தப் பணத்தில் உள்ளூர் ஆட்களை அமர்த்தலாமே என்பார்கள். பல நேரங்களில் அதுவே சரி. இரண்டு வாரத்துக்கு வந்து சுவருக்குச் சாயமடித்துவிட்டுப் போகும் குழுக்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். உள்ளூரில் இல்லாத திறனைக் கொண்டுவந்து, மொழி கற்று, ஆண்டுக்கணக்கில் இருந்து, கற்றுக்கொடுத்துவிட்டு விலகுகிறவர்களுக்கே அந்தச் செலவு தகும். அப்படி நீண்ட நாள் தங்குவதற்குத்தான் அன்றாட வாழ்க்கை தாங்குவதாக இருக்க வேண்டும். தனியாள் இன்னும் எளிதாக ஊரோடு கலந்துவிடுவார் என்பதும் பொய்யல்ல. வேலூர் மருத்துவமனையை எழுப்பிய ஐடா ஸ்கட்டர் மணம் செய்துகொள்ளாதவர். தம்பதி தங்களுக்குள்ளேயே ஒடுங்கிவிடும் ஆபத்து உண்டு. இருவரில் ஒருவருக்கு மட்டும் வேலையும் மொழியும் கிடைத்து, மற்றவர் நான்கு சுவருக்குள் அடைபடும்போது அந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. இன்றும் பல நாடுகளில் துணைவருக்குக் கிடைப்பது சார்ந்து வாழ்வதற்கான விசா மட்டுமே. அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 1961-ல் தொடங்கிய அமெரிக்காவின் அமைதிப் படை இதில் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது. தம்பதி விண்ணப்பித்தால் இருவரும் தனித்தனியே தொண்டர்களாகத் தேர்வாக வேண்டும். ஒருவரோடு ஒட்டிக்கொண்டு மற்றவர் போக முடியாது. மதத்தோடு தொடர்பில்லாத அமைப்பு அது. ஆனால் இந்த விதியை எந்தச் சபையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இது நமக்கு அந்நிய விஷயமல்ல. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது முதல் தமிழ்ச் சபைகளும் ஆட்களை அனுப்பும் இடத்தில் இருக்கின்றன. எடின்பரோவுக்கு முந்தைய ஆண்டு அசரியாவே மனைவி அன்புவோடு தெலுங்கு பேசும் டோர்னக்கலுக்குக் குடிபெயர்ந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இன்று தென்மாவட்டங்களிலிருந்து போன எத்தனையோ இளம் தம்பதிகள் வட இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளிலும் நேபாள எல்லையிலும் வாழ்கிறார்கள். அவர்களை அனுப்பும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலில் மனைவியைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். கணவரையோ மாமனாரையோ போதகரையோ கூட வைத்துக்கொள்ளாதீர்கள். மொழிப் பயிற்சிக்கு இருவரையும் அனுப்புங்கள், அந்த நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். படியில் ஒரு பங்கை மனைவி பெயரிலேயே வங்கியில் போடுங்கள். கணவர் இறந்தால் அவர் அங்கேயே பணியைத் தொடரலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன், போக விருப்பமில்லை என்று அவர் சொன்னால், அந்தக் குடும்பத்தை அனுப்பாதீர்கள்.