பவளப் பாறைகளுக்கு ஒரு வெப்பமானி

கடலுக்குள் பூத்த நந்தவனம் என்று பவளப் பாறைகளைச் சொல்வதுண்டு. ஆனால் அவை பூக்கள் அல்ல. வெறும் பாறைகளும் அல்ல. கோடானுகோடிச் சிற்றுயிர்கள் சுண்ணாம்பினால் எழுப்பிய வீடுகள். கடலடித் தரையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே பிடித்திருந்தும், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அவை புகலிடம் தருகின்றன. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் இச்செல்வம் உண்டு.

பவளங்களுக்கு நிறத்தையும் உணவையும் அளிப்பவை அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் இப்பாசிகளை இழந்து வெளிறிவிடுகிறது. வெளிறிய பவளம் இறந்துவிட்டதென்று எண்ணலாகாது. அது பட்டினி கிடக்கிறது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் மடியும்.

கடலில் மூழ்கத் தெரியாத நாம் இதை எவ்வாறு அறிவது? அமெரிக்காவின் நோவா நிறுவனம், செயற்கைக்கோள்கள் அளக்கும் கடற்பரப்பின் வெப்பத்தை, 5 கிலோமீட்டருக்கு ஒரு கட்டமாக நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. கட்டணம் ஏதுமில்லை.

அதிலுள்ள கணக்கு எளியது. ஓரிடத்தின் மிக வெப்பமான மாதத்துச் சராசரியைவிட ஒரு டிகிரியோ அதற்கு மேலோ மிகுந்தால், அம்மிகுதியைக் கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டுகிறார்கள். இரண்டு டிகிரி மிகுதி நான்கு வாரம் நீடித்தால் தொகை 8. தொகை 4 ஆனால் வெளிறலை எதிர்பார்க்கலாம். 8 ஆனால் கடும் வெளிறலும் சாவும் நேரக்கூடும். காய்ச்சல் எவ்வளவு என்பதோடு எத்தனை நாள் என்றும் மருத்துவர் கேட்பதில்லையா? உலகளாவிய நான்காம் வெளிறல் நிகழ்வதாக நோவா 2024 ஏப்ரலில் அறிவித்தது.

பாறைகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டுவது ஆலன் பவள வரைபடம். உலகின் ஆழமற்ற பவளப் பாறைகளை வரையும் பணி 2021-இல் நிறைவுற்றது. மணல், கடற்புல், பாறை ஆகியவற்றை அதில் தனித்தனி நிறத்தில் காணலாம். ஆயினும் பவளத்தையும் பாசியையும் அது ஒரே வகையாகவே காட்டுகிறது. விண்ணிலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் எல்லை உண்டு. ஆகவே நீரில் இறங்கிப் பார்ப்போரின் துணை தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் அமைப்பினர், நிற அட்டையைப் பவளத்தின் அருகே பிடித்து ஒப்பிட்டுக் குறிக்க எவருக்கும் கற்றுத் தருகிறார்கள். அக்குறிப்புகளும் இலவசமே.

முன்னாளில் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தனர். இன்று அதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வெப்பம் எந்தச் சட்டத்திற்கும் கட்டுப்படாதே! காலத்தில் அறிந்தால்தான் காக்கும் வழியை நாட இயலும். வரும் ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒருமுறை நம் கடலின் தொகையை ஒரு நோட்டில் குறித்து வருவோமா? கடலைக் காணாத வகுப்பறையிலிருந்தும் கடலுக்காகக் கவலைப்பட முடியும் என்பதை அந்த நோட்டு நமக்குக் கற்பிக்கும்.