குளிர்காலத்திற் குதிரை பேணல்

குதிரை என்றவுடன் அராபிய மணல்வெளியும் அங்கு விரைந்தோடும் பரிகளுமே பலரது எண்ணத்தில் எழும். ஆயின், குதிரையின் தாயகம் வெப்பநாடு அன்று. ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைத்துக் கிடக்கும் பெரும் புல்வெளிகளே அதன் பழைய இல்லமாகும். இக்காலக் குதிரையினங்களின் மூதாதைகள் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னர் வொல்கா, தொன் என்னும் ஆறுகளை அடுத்த புல்வெளிகளிற் பழக்கப்பட்டன என்பதை 2021ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. அந்நிலங்களில் ஆண்டுதோறும் பல திங்கள் பனி மூடிக்கிடக்கும். ஆகவே, குளிரைத் தாங்கும் ஆற்றல் குதிரைக்குப் பிறவியிலேயே வாய்த்ததாகும். அவ்வாறாயின், குளிர்நாடுகளிற் பனிக்காலம் வந்ததும் குதிரைகள் நலிவதும் மடிவதும் எதனால்? குளிரினாலா, அன்றிப் பேணுவோரின் அறியாமையினாலா? இவ்வினாவே இங்கு ஆராயத்தக்கது.

குதிரையின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 செல்சியசுப் பாகையாகும். சூழல் எவ்வளவு குளிர்ந்தபோதும் இவ்வெப்பநிலை மாறாது நிற்றல் வேண்டும். சூழல் ஓர் எல்லைவரை குளிருங்காறும், உரோமத்தைச் சிலிர்த்தும், தோலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்தும் குதிரை தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அவ்வெல்லையைக் கடந்தபின்னரே வெப்பத்தை ஆக்குதற்கென மேலதிக உணவை எரிக்கவேண்டிய நிலை உண்டாகும். இவ்வெல்லை எல்லாக் குதிரைகட்கும் ஒன்றன்று. மிதமான தட்பவெப்பத்திற் பழகிய குதிரைக்கு அது 5 பாகை அளவினதாகும். குளிருக்குப் பழகி, அடர்ந்த பனிக்கால உரோமம் வளர்த்த குதிரைக்கோ அது பூச்சியத்திற்குக் கீழே 15 பாகை வரை தாழ்ந்திருக்கும். பிறந்த குட்டிக்கு 20 பாகையே குளிராகலாம். எனவே, தான் நடுங்குவதை அளவுகோலாகக் கொண்டு குதிரையும் நடுங்கும் என எண்ணுபவன் பெரும்பாலும் தவறுவான்.

பனிக்கால உரோமத்தை வளர்ப்பது குளிர் மட்டுமன்று. பகற்பொழுது குறுகுதலே அதற்குத் தலையாய காரணம். வட அரைக்கோளத்தில் யூன் மாதம் 21ஆம் நாளளவில் நீண்ட பகல் கழிந்து, பகற்பொழுது சுருங்கத் தொடங்கும். அம்மாற்றத்தைக் கண்வழியே உணரும் உடல், குளிர் வருவதற்குப் பல வாரங்கட்கு முன்னரே புதிய உரோமத்தை வளர்க்கத் தலைப்படும். சிலிர்த்து நிற்கும் உரோமங்களின் இடையே அடைபட்ட காற்றுத்தான் குதிரையின் உண்மையான போர்வை. முதுகில் விழுந்த பனி உருகாது அப்படியே கிடக்குமாயின், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறவில்லை என்பதே பொருள். அதைக் கண்டு இரங்குவது வேண்டாத இரக்கம்.

ஆனால், இப்போர்வைக்கு இரு பகைகள் உள. ஒன்று ஈரம், மற்றொன்று காற்று. நனைந்த உரோமம் தோலோடு ஒட்டிக்கொள்ள, இடையே நின்ற காற்று நீங்கிவிடும். பலத்த காற்றும் உரோமத்தைக் கலைத்து அதே தீங்கை விளைக்கும். இதனால், பூச்சியத்திற்குக் கீழே 10 பாகையில் அமைதியான வறண்ட நாளொன்றிலும், பூச்சியத்திற்குச் சற்று மேலே மழையும் காற்றுங் கலந்த நாளொன்று குதிரைக்குக் கொடியதாதல் கூடும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கந் திறந்த கொட்டிலே இதற்குத் தக்க மருந்து. கதவுஞ் சாளரமும் இறுக மூடிய இலாயத்திலோ சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், உலர்புல்லின் தூசியும், பூஞ்சணமும் நிறைந்து நுரையீரலைக் கெடுக்கும். குளிர்ந்த தூய காற்றினும் வெதுவெதுப்பான தீய காற்றே குதிரைக்குப் பெருங்கேடு என்பது அனுபவமுடையோர் கண்ட உண்மை. உரோமம் கத்தரிக்கப்பட்டவை, முதியவை, நோயுற்றவை, மெலிந்தவை ஆகியவற்றுக்குக் கம்பளி வேண்டும். அடர்ந்த உரோமமுடைய குதிரைக்கு அது உரோமத்தை அழுத்தி, இயற்கைப் போர்வையைக் கெடுத்தலும் உண்டு.

இனி, உணவை நோக்குமிடத்து, குதிரையின் வயிற்றமைப்பை முதலில் அறிதல் இன்றியமையாதது. அதன் இரைப்பை உடலின் பருமனுக்குச் சிறியது. 8 முதல் 15 இலீற்றர் வரையே கொள்ளும். ஆதலால், அது ஒரே வேளையில் மிகுதியாக உண்ணவியலாது. நாளின் பெரும்பகுதியையும் மேய்தலிற் கழிக்கும். புல்லின் நார்ப்பொருளைச் சீரணிக்கும் இடம் இரைப்பை அன்று, குருட்டுக்குடலும் பெருங்குடலுமே. அங்கு எண்ணிறந்த நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச்செய்து கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. இந்நொதிப்பிலே வெப்பமும் பிறக்கின்றது. எனவே, உலர்புல் உண்ட குதிரை தன் வயிற்றினுள்ளே அணையா அடுப்பொன்றைச் சுமந்து நிற்கின்றது எனலாம்.

சோளம் முதலிய தானியங்கள் ‘சூடு தரும்’ என்னும் எண்ணம் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. தானியம் சத்தி மிக்கது என்பது மெய்யே. ஆயினும், பெரும்பகுதி சிறுகுடலிலேயே சீரணித்துவிடுவதால், நாரைப் போல நொதித்து நீண்டநேரம் வெப்பந் தருதல் அதற்கு இயலாது. அன்றியும், மிகையாக ஊட்டிய தானியம் சீரணமாகாது பெருங்குடலை அடைந்து, வயிற்றுளைவையும் குளம்பின் உட்படை அழலும் கொடிய நோயையும் விளைக்கும். ஆகவே, குளிர் மிகும் நாளில் முதலிற் கூட்டவேண்டியது உலர்புல்லே. எல்லை வெப்பநிலைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 2.5 வீதம் உணவுச்சத்தி மிகுதியாக வேண்டுமென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். 500 கிலோகிராம் நிறையுள்ள குதிரையொன்று வழக்கமாக நாளொன்றுக்கு 8 கிலோகிராம் உலர்புல் உண்ணுமெனக் கொள்க. அதன் எல்லை பூச்சியத்திற்குக் கீழே 15 பாகையாயின், பூச்சியத்திற்குக் கீழே 25 பாகைக் குளிரில் அதற்கு நான்கிலொரு பங்கு, அஃதாவது 2 கிலோகிராம், கூடுதலாக வேண்டும். இரவு நீண்டதாதலின், மாலையில் இடும் பங்கு பெரிதாயிருத்தல் நன்று.

உணவினும் மறக்கப்படுவது நீர். பசும்புல்லிற் பாதிக்கு மேற்பட்டது நீரே. உலர்புல்லிலோ நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்கேயாகும். எனவே, கோடையிலே புல்வழியாகப் பெற்ற நீரையெல்லாம் பனிக்காலத்திற் குதிரை தொட்டியிலிருந்தே பெறவேண்டும். அத்தொட்டியோ அப்பொழுதுதான் உறைகின்றது! நீர் போதாதவிடத்துப் பெருங்குடலில் உணவு இறுகி அடைத்துக்கொள்ள, குதிரை வலியால் உருண்டு மடியும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1990ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆராய்ச்சியில், குளிர்நாட்களில் உறைநிலையை அடுத்த நீரிலும் வெதுப்பிய நீரையே மட்டக்குதிரைகள் மிகுதியாகக் குடித்தமை அறியப்பட்டது. தொட்டியின் பனிக்கட்டியை நாள்தோறும் உடைத்தலும், நீரைச் சிறிது வெதுப்பலும், நக்குதற்கு உப்புக்கட்டி வைத்தலும் குடிக்குந் தூண்டலை அளிப்பனவாம்.

‘பனியைத் தின்று குதிரை வாழாதோ?’ எனச் சிலர் வினவுவர். வாழும், ஆனால் அதற்கு விலையுண்டு. ஒரு கிலோகிராம் பனியை உருக்க 80 கிலோகலோரியும், உருகிய நீரை உடலின் வெப்பநிலைக்குக் கொணர மேலும் 38 கிலோகலோரியும் வேண்டும். நாளொன்றுக்கு 20 இலீற்றர் நீரைப் பனியிலிருந்தே பெறுவதாயின் 2,360 கிலோகலோரி செலவாகும். இது ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட உலர்புல் அளிக்குஞ் சத்தியாகும். பசித்திருக்கும் குதிரைக்கு இது சிறிய செலவன்று.

குதிரையின் மெலிவைக் கண்ணாற் காண்பதும் பனிக்காலத்தில் எளிதன்று. அடர்ந்த உரோமம் எலும்பை மறைத்துவிடும். உரோமத்தினூடே கைவிரல்களை அழுத்தி விலாவெலும்புகளையும் முதுகையும் வாரந்தோறும் தடவிப் பார்த்தலே நம்பத்தகுந்த வழி. அமெரிக்காவிலே தெக்சாசு ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெனெக்கி என்பார் 1983இல் வகுத்த, 1 முதல் 9 வரையான உடல்நிலை அளவை இதற்கே பயன்படுகின்றது. மெலிந்த குதிரையை நடுப் பனிக்காலத்திற் கொழுக்கச்செய்தல் அரிது. ஆதலின், இலையுதிர்காலத்திலேயே அது தக்க கொழுப்பைச் சேர்த்திருத்தல் வேண்டும்.

இவ்வுண்மைகளை இயற்கையே பெரிய அளவிற் காட்டியுள்ளது. சைபீரியாவின் யாக்கூற்றியாப் பகுதியில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 60 பாகைக்கும் தாழ்வதுண்டு. அங்குள்ள குதிரைகள் ஆண்டு முழுவதும் வெளியிலேயே வாழ்ந்து, பனியைக் குளம்பாற் கிளறிப் புல்லைத் தேடி உண்கின்றன. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சேர்த்த கொழுப்பும் நீண்டடர்ந்த உரோமமும் அவற்றைக் காக்கின்றன. மொங்கோலியக் குதிரைகளும் அத்தகையனவே. எனினும், 2009ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பனிக்காலத்தில் மொங்கோலியாவில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. குதிரைகளும் அவற்றுள் அடங்கும். இக்கேட்டை அந்நாட்டார் ‘ட்சுட்’ என்பர். கோடை வறட்சியாற் புல் குன்றிக் கால்நடைகள் கொழுப்பின்றியிருக்கப் பனிக்காலம் வருதலும், பனி ஆழமாக மூடுதலும், உருகிய பனி மீண்டும் உறைந்து இரும்புத் தகடுபோலப் புல்லை மூடுதலும் அதன் காரணங்களாம். குளிர் அங்கே துணைக் காரணமே. முதற் காரணம் பசி.

மனிதன் தன் தேவைக்காகக் குதிரையை அதன் நிலத்திலிருந்து பிரித்துச் சென்றவிடத்து இவ்வுண்மை இன்னுங் கடுமையாக விளங்கியது. 1908ஆம் ஆண்டில் ஷாக்கிள்ரன் அந்தாட்டிக்காவுக்குக் கொண்டுசென்ற மஞ்சூரியக் குதிரைகளுட் சில, உப்புச்சுவையை நாடி எரிமலை மணலைத் தின்று இறந்தன. கப்டன் ஸ்கொற் 1910இல் 19 குதிரைகளுடன் புறப்பட்டார். அவற்றைப் பேணும் பொறுப்பு குதிரைப்படை வீரரான ஓற்ஸ் என்பாரிடம் இருந்தது. 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திரும்பி வருங்காலத்துக்கான உணவைப் பனிவெளியிற் சேமித்து வைக்க எட்டுக் குதிரைகள் சென்றன. ஆழப்பனியிற் புதைந்தும் புயலில் நடுங்கியும் அவை நலிந்தன. 80ஆம் பாகைத் தெற்கு அகலக்கோட்டில் அமைக்க எண்ணிய சேமிப்பிடத்தை அவ்வளவு தொலைவு செல்லாது, பெப்புருவரி 17ஆம் நாள், ஏறத்தாழ 30 மைல் இப்பாலே ஸ்கொற் அமைத்துவிட்டார். மேலுஞ் செல்லவேண்டுமென ஓற்ஸ் வற்புறுத்தியும், குதிரைகளின் துன்பத்தைக் காணப்பொறாத ஸ்கொற் இசைந்திலர். எட்டில் இரண்டே உயிருடன் மீண்டன.

அடுத்து வந்த நீண்ட இருட்காலத்தில் எஞ்சிய குதிரைகளை ஓற்ஸ் அரும்பாடுபட்டுக் காத்தார். 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பத்துக் குதிரைகள் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டன. நாள்தோறும் பயணம் முடிந்ததும், களைத்த மனிதர் தம் இளைப்பாறலையும் விடுத்துக் குதிரைகளுக்குக் காற்று மறைப்பாகப் பனிச்சுவர் எழுப்பினர். இழுக்கையில் வழிந்த வியர்வை குதிரையின் உரோமத்தில் உறைந்தது. அதற்கு வேண்டிய தீவனமோ முற்றும் சுமந்து செல்லப்படவேண்டியதாயிற்று. ஏனெனில், அந்நிலத்தில் அது மேய ஒரு புல்லும் இல்லை. திசம்பர் 9ஆம் நாள் எஞ்சிய குதிரைகள் சுட்டுக்கொல்லப்பட்டன. துருவத்தை அடைந்து மீண்ட ஐவருள் எவரும் பிழைத்திலர். ஸ்கொற்றும் இறுதித் துணைவர் இருவரும் 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இறந்த இடம், அச்சேமிப்பிடத்துக்கு 11 மைல் தொலைவில் இருந்தது. சேமிப்பிடம் முன்னர் எண்ணிய இடத்தில் அமைந்திருப்பின் அதை அவர்கள் ஏற்கெனவே கடந்திருப்பர். அவர்களது முடிவுக்குக் காரணங்கள் பலவாயினும், குதிரைகளின் நலிவும் அவற்றுள் ஒன்றாயிற்று.

இதே பாடத்தை வெப்பநாடும் கற்றதுண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் கடந்து பெருந்தொகையாக வந்த பரிகளுக்கு அங்குள்ளோர் இறைச்சியுஞ் சோறுங் கலந்து சமைத்து ஊட்டினர் எனவும், பேணத் தெரிந்தார் இன்மையால் அவற்றுட் பல விரைவில் மடிந்தன எனவும் எழுதியுள்ளார். அன்பும் பொருளும் அங்குக் குறைந்தில, அறிவே குறைந்தது.

ஆகவே, குளிர்காலத்திற் குதிரையைக் கொல்வது பெரும்பாலும் குளிரன்று. பசி, தாகம், ஈரம், காற்று, அடைபட்ட தீய காற்று என்பனவேயாம். திறந்த வெளியில் வாழும் குதிரை காற்றுக்கு முதுகு திருப்பி ஒதுங்கும். புல்லைத் தேடிச் செல்லும். நீருள்ள இடத்தை நாடும். கட்டிவைக்கப்பட்ட குதிரைக்கோ இம்மூன்றும் இயலா. அதன் உரிமையைத் தன் பயன் கருதிப் பறித்துக்கொண்ட மனிதனே அவற்றை அதற்கு ஈடாக அளித்தல் வேண்டும். நிறைந்த உலர்புல்லும், உறையாத நீரும், காற்று மறைப்பும், நாள்தோறும் தடவிப் பார்க்கும் கையும் அக்கடனைத் தீர்க்கும் வழிகளாம். இவை அரிய பொருள்கள் அல்ல. ஆயினும் ஒரு நாளேனும் தவறவிடத்தக்கனவும் அல்ல.