அடைக்கலம்

‘அடைக்கலம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. துன்புற்றோர் புகும் இடம் என்பது ஒன்று. மீண்டும் ஒப்படைப்பதற்காக ஒருவரிடம் காக்கக் கொடுத்த பொருள் என்பது மற்றொன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு அரங்கத்தையும் உறையூரையும் கடந்து மதுரைக்குச் செல்கின்றனர். ஆங்குக் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகின்றார். அப்பகுதிக்கு ‘அடைக்கலக் காதை’ என்றே பெயர். அடைக்கலம் ஏற்றோர், அதனைத் தம் உடைமையாகக் கருதாமல், தம் உடைமையினும் மேலாகக் காத்தல் வேண்டும்.

இக்கடமை மக்கள் அளவில் நிற்பதன்று. திருச்சிராப்பள்ளித் தெருக்களிலும் திருவரங்கத்து வீதிகளிலும் காலொடிந்த நாயையும், கைவிடப்பட்ட குட்டியையும் நாம் காண்கின்றோம். அத்தகைய நாயை, நிலையாக வளர்ப்போர் கிடைக்கும்வரை, சில வாரங்கள் தம் வீட்டில் வைத்துப் பேணும் நல்லோர் பலர் உளர். அந்நாய்க்கு அவ்வீடு தங்குமிடமே. ஆயினும் அதன் பிற்கால வாழ்வு அச்சில வாரங்களைப் பொறுத்தது. மனிதரை நம்பக் கற்ற நாயை எவரும் விரும்பி ஏற்பர். அச்சம் நீங்காத நாய் மீண்டும் தெருவையே அடையும்.

நாயை வீட்டிற்குக் கொணருமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் முதற்பணி. உண்ணி நீக்கலும், குடற்புழு மருந்தும், தடுப்பூசியும் அவர் கூறுமாறு செய்யப்படல் வேண்டும். வீட்டில் வேறு நாய் இருப்பின், சில நாள்கள் இரண்டையும் தனித்தனியே வைத்தல் நலம்.

வந்த நாய்க்கு முதலில் வேண்டுவது விளையாட்டன்று, அமைதியே. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் பழஞ்சாக்கு விரித்து, அருகே ஒரு மண்சட்டியில் நீர் வைத்தல் போதும். திருச்சிராப்பள்ளியின் கோடை கடுமையாதலின் நிழலும் குளிர்ந்த நீரும் இன்றியமையாதன. முதல் இரண்டு மூன்று நாள்கள் அந்நாய் உண்ணாதிருக்கலாம், இரவில் ஊளையிடலாம். அதனை அடித்தலும் அதட்டலும் ஆகா. வீட்டார் ஒருவர் அதன் பார்வைக்கு எட்டும் இடத்தில் படுத்துறங்கினால், அது மெல்ல ஆறுதல் பெறும்.

நாய்க்குப் பேச்சில்லை, ஆயினும் மொழி உண்டு. வாலைக் கால்களிடையே இடுக்குதல், காதுகளைப் பின்னே மடித்தல், உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல் ஆகியவை அச்சத்தின் குறிகள். அவற்றைக் கண்டால் விலகி நிற்றல் வேண்டும். அதன் கண்களை உற்று நோக்காமல், பக்கவாட்டில் திரும்பி அமர்ந்திருந்தால், அதுவே அணுகி வந்து முகர்ந்து பார்க்கும். நாள்தோறும் ஒரே வேளையில் உணவும், ஒரே வேளையில் உலாவும் அமைதல் நன்று. அடுத்து நிகழ்வது இன்னதென்று அறிந்த உயிர்க்கு அச்சம் குறையும். சோற்றுடன் வேகவைத்த முட்டை தரலாம்; வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சாவன. அது உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடுதல் கூடாது.

தீபாவளி வெடியும், திருவரங்கத்துச் சித்திரைத் தேர்நாளின் பெருங்கூட்டமும் நமக்கு மகிழ்ச்சி. புதிதாய் வந்த நாய்க்கோ பேரச்சம். வெருண்டு ஓடினால் அதற்கு வீடு திரும்பும் வழி தெரியாது. அந்நாள்களில் அதனை உள்ளறையில் வைத்துக் காத்தல் கடமை.

மாணவர்களே, இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். அறியாத நாயைப் பெரியோர் துணையின்றித் தொடாதீர்கள். நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ தடவிக் காலம் தாழ்த்தாதீர்கள். பெற்றோர் சினப்பர் என அஞ்சி மறைத்தலும் கூடாது. வெறிநாய்க்கடி நோய் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் அதனைத் தடுக்கலாம். நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் 1907-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பாஸ்டர் நிலையம் இந்நோயைத் தடுக்கும் பணிக்காகவே எழுந்ததாகும்.

நாயை ஏற்க ஒரு குடும்பம் முன்வரும் நாளே மிகக் கடினமான நாள். பேணிய கை பிரிய மனம் கொள்ளாது. வீட்டுச் சிறுவர் கண்ணீர் விடுவர். அது இயல்பே. ஆயினும் அன்று நாம் செய்யத்தக்கது, அந்நாய் உண்ணும் வேளையையும், அது அஞ்சுவனவற்றையும் புதியவர்க்கு எடுத்துரைத்தலே. அது படுத்த சாக்கைத் துவைக்காமல் உடன் அனுப்புதலும் நன்று. நாய் மோப்பத்தால் உலகை அறிவதாகலின், பழகிய மணம் புதிய இடத்திலும் அதற்குத் துணையாகும்.

ஏற்பார் கிடைக்காவிடின் நாயை எங்கேனும் விட்டுவருதல் அறமன்று. பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்துமாறு விலங்கைக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். பெற்றதினும் நலமாக ஒப்படைப்பதே அடைக்கலம் காத்தவர்க்கு அழகு.